ஊமத்தைச் சர்க்கரை

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு எங்கே தொடங்கினாலும் மருந்தில் வந்து நின்றுவிடுகிறது. போன மாதம் ஒரு கல்யாண வீட்டிலும் அப்படித்தான். பந்தி முடிந்து நாற்காலிகளை மின்விசிறிக்குக் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டோம். ஒருத்தி தன் முழங்கால் வலி ஹோமியோபதியில் போன இடம் தெரியவில்லை என்றாள். இன்னொருத்தியின் மகன் டாக்டர். அதெல்லாம் வெறும் சர்க்கரை உருண்டை, ஒழுங்காகச் சோதித்துப் பார்த்த இடத்தில் எல்லாம் சர்க்கரைக்கு மேல் ஒன்றும் செய்யவில்லை என்றான். "அப்பறம் என் வலி எப்படித் தம்பி போச்சு?" என்று இவள் கேட்டாள். அவன் சிரித்தான். இருவரும் சாட்சிக்கு என் முகத்தைப் பார்த்தார்கள். காபி ஆறிவிட்டது என்று சொல்லி எழுந்துவிட்டேன்.

அங்கே சொல்லாததை இங்கே எழுதுகிறேன். விளக்கெண்ணெய்க்கு மூக்கைப் பிடித்து வாயைத் திறந்தவர்கள் நீங்கள். மார்கழி பிறந்தால் எந்த வீட்டில் குளிர்காய்ச்சல் வருமோ என்று பெரியவர்கள் பயந்ததைப் பார்த்தவர்கள். உங்களுக்கு அதிகம் விளக்க வேண்டியிருக்காது.

எனக்கு எட்டு வயதோ ஒன்பதோ. முப்பதுகளின் நடுவில் ஒரு வருஷம். கிணத்துக்கடவிலிருந்து வண்டித்தடத்தில் போனால் எங்கள் தோட்டம். அப்பா தென்னங்கன்று வைத்து, அது பாளை விடுவதற்குக் காத்திருந்த காலம். அந்த வருஷம்தான் புதுக்கிணறு வெட்டி ஆயில் இஞ்சின் வைத்தார். விடிந்ததும் அதன் சத்தம் தொடங்கும். அது ஓடுகிறவரை யாரும் யாரிடமும் மெதுவாகப் பேச முடியாது. வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய கிணற்றுக்கு அதோடு வேலை போயிற்று. மாடுகள் முன்னும் பின்னும் நடந்து தண்ணீர் இறைத்த சரிவைப் புல் மூடியது. உள்ளே இறங்குகிற கல்படிகளில் பாசி ஏறியது. சுற்றிலும் ஊமத்தை முளைத்தது. வெள்ளை வெள்ளையாகப் புனல் மாதிரிப் பூ, முள் வைத்த காய். அந்தக் கிணற்றில் யாரும் விழுந்து செத்ததாக ஒரு கதை கூடக் கிடையாது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

பெரியப்பா எங்களோடு வந்து தங்கியது அந்த ஐப்பசியில். அப்பாவின் அண்ணன். ஈரோடு ஜங்ஷனில் ரயில்வே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியம்மா முன்பே காலமாகிவிட்டாள், பிள்ளைகள் இல்லை. மாட்டுவண்டியிலிருந்து அவர் தன் கையால் இறக்கிய சாமான் ஒன்றே ஒன்று: ஒரு தேக்குப் பெட்டி. மூடியைத் திறந்தால் பச்சை வெல்வெட்டுக்குள் வரிசை வரிசையாகக் கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றின் வாயிலும் விரல்நுனி அளவுக்குத் தக்கை. ஸ்பிரிட் வாசனையும் ஏதோ பழைய இனிப்பு வாசனையும் சேர்ந்து அடிக்கும். உள்ளே ராகி அளவு வெள்ளை உருண்டைகள். நாக்கில் வைத்தால் கரைவதற்கு முன் ஒரு குளிர்ச்சி. மருந்து என்றால் கசப்பு என்று மட்டும் தெரிந்த எங்களுக்கு அவர் தெய்வமாகத் தெரிந்ததில் என்ன ஆச்சரியம்.

அவர் நம்பியதற்குக் காரணம் இருந்தது. ஜங்ஷனில் வேலை பார்த்தபோது அவருக்குக் காலரா கண்டதாம். கூட வேலை பார்த்தவர்கள் அவரைக் கொட்டகையில் தனியாகப் போட்டுவிட்டுப் போக, வங்காளத்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு அதிகாரி மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாக மருந்து கொடுத்தாராம். பிழைத்து எழுந்ததும் பெரியப்பா அவரிடமே அந்த வைத்தியத்தைக் கற்றுக்கொண்டார். இதைச் சொல்லும்போதெல்லாம் அவர் கண் கலங்கும்.

டாக்டர் எங்கள் வீட்டுக்கு வரக் காரணம் ஆயில் இஞ்சின். அதன் பெல்ட் அறுந்து அப்பாவின் கணுக்காலுக்கு மேல் சதையைக் கிழித்துவிட்டது. பக்கத்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் சைக்கிளில் வந்து கட்டுப் போட்டார். கோயமுத்தூர் கோட்டைமேட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர் ஒருவரின் மகன். மதராஸில் படித்துவிட்டு வந்த புதிது, மீசை கூட முழுசாக வளரவில்லை. அவர் கட்டை மாற்றிவிட்டுப் போனதும் பெரியப்பா அப்பாவின் நாக்கில் உருண்டைகளை வைப்பார். புண் ஆறியது. யாரால் ஆறியது என்று இருவருக்கும் ஒரு சாயங்காலம் முழுக்கப் பேச்சு. அப்பா காலை நீட்டிக்கொண்டு, "என்ற காலுதானுங்க ஆறுச்சு. அதையும் ஒரு பேச்சுக்குச் சேத்திக்கங்க" என்றார்.

அதற்குப் பிறகு புண் இல்லாமலேயே டாக்டர் வரத் தொடங்கினார். வீட்டின் முன்கூடத்தை நாங்கள் ஆசாரம் என்போம். அங்கே பெரியப்பா சாய்வு நாற்காலியில், டாக்டர் முக்காலியில். இருவரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுக்கொண்டே ஒருவரை ஒருவர் முட்டாள் என்று நிரூபிக்கப் பார்த்தார்கள். காலராக் கதையைக் கேட்டுவிட்டு டாக்டர், மருந்தே சாப்பிடாமல் பிழைத்தவர்களும் உண்டுங்களே என்றார். சும்மா இருந்தவன் பிழைத்ததை நான் பார்க்கவில்லை, மருந்து சாப்பிட்ட நான் பிழைத்ததைத்தான் பார்த்தேன் என்றார் பெரியப்பா.

ஒரு நாள் டாக்டர் பின்வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"ஒரு கல்லு உப்பை உங்க பழைய கெணத்துல போடறோமுங்க. அந்தத் தண்ணில ஒரு சொட்டு எடுத்து அடுத்த தோட்டத்துக் கெணத்துல விடறோம். அதுல ஒரு சொட்டு எடுத்து அதுக்கடுத்த கெணத்துல. இப்பிடியே கோயமுத்தூர் வரைக்கும் போனா, கடைசிக் கெணத்துல உப்பு இருக்குமுங்களா?"

"உப்பு இருக்காதுங்க," என்றார் பெரியப்பா. "அதோட சக்தி இருக்கும். உடம்பு போனாத்தானுங்க உள்ள இருக்கறது வெளிய வரும்."

நானும் அத்தை மகளும் கதவோரம் உட்கார்ந்து புளியங்கொட்டை ஆடிக்கொண்டிருந்தோம். அவள் என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். தாய் இல்லாததால் எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள். அவள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு எழுந்து பின்வாசலுக்குப் போய்க் கிணற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். உடம்பு போன பிறகு உள்ளிருந்து வெளியே வருவது என்ற வார்த்தை அவளைப் பிடித்துக்கொண்டது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், ஆட்டத்தில் நான் ஜெயிக்கும் சமயத்தில் அவள் எழுந்து போய்விட்டாள் என்பதுதான்.

சோதனை பண்ணிப் பார்த்துவிடலாம் என்று சொன்னது டாக்டர். எப்படிப் பண்ணுவது என்று சொன்னது பெரியப்பா. அந்த வைத்தியத்தில் ஒரு மருந்தின் குணத்தை அறிய அதை நோயாளிக்குக் கொடுக்க மாட்டார்களாம். நல்ல உடம்பில் கொடுத்து, என்ன தோன்றுகிறது, என்ன கனவு வருகிறது என்று கேட்பார்களாம். ஊமத்தையை எடுத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. நல்ல உடம்பு என்றால் வீட்டில் குழந்தைகள் இருக்கிறோம். நான், அத்தை மகள், என் தம்பி. தம்பிக்கு ஐந்து வயது. முன்பல் விழுந்து, பேசினால் காற்று வரும்.

அப்பாவுக்கு இதில் ஒரு சேவல்கட்டின் சந்தோஷம். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று, குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகிவிடாதே என்று அப்பா மூலம் கேட்டாள். ஆகாது என்று இரண்டு பேரும் சொன்னார்கள். அவ்வளவு நுணுக்கினால் விஷம் அமுதமாகிவிடும் என்று பெரியப்பா. அவ்வளவு நுணுக்கினால் அதில் ஒன்றுமே இருக்காது என்று டாக்டர். அந்த இரண்டு மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

பெரியப்பா பச்சைக் காயைத் தட்டி ஸ்பிரிட்டில் ஊறவைத்தார். அதில் ஒரு சொட்டை எடுத்துப் புதுத் தண்ணீரில் விட்டுக் குப்பியைத் தோல் திண்டின் மேல் அடிப்பார். தொப், தொப், தொப். மறுபடி ஒரு சொட்டு, மறுபடி புதுத் தண்ணீர். இஞ்சின் நின்ற மத்தியானங்களில் வீட்டில் அந்தச் சத்தம் மட்டும் கேட்கும். தயாரானதையும் வெறும் சர்க்கரை உருண்டைகளையும் டாக்டர் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போனார். திரும்பி வரும்போது மூன்று குப்பிகள், கழுத்தில் நூல் கட்டி. எனக்குச் சிவப்பு, அத்தை மகளுக்கு மஞ்சள், தம்பிக்குப் பச்சை. எதில் மருந்து, எதில் வெறும் சர்க்கரை என்பது அவருக்கு மட்டும் தெரியும். எல்லாம் முடிந்ததும் சொல்வார். யார் சொல்வது சரி என்று தெரிந்துவிடும்.

தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆசாரத்தில் பாய் விரித்து எங்களைப் படுக்க வைப்பார்கள். நாக்கில் உருண்டை. சன்னல் கதவுகளைச் சாத்திவிடுவார் பெரியப்பா. கதவிடுக்கில் வருகிற வெயில் சுவரில் ஒரு கோடாக நிற்கும். சிறிது நேரம் கழித்து எங்கள் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து மிருதுவான குரலில் கேட்பார்.

"என்ன கண்ணு தெரியுது?"

ஒன்றும் தெரியவில்லை என்போம். நன்றாக யோசித்துப் பார் என்பார். பளபளவென்று ஏதாவது? தண்ணீர் மாதிரி? யாராவது கூப்பிடுகிற மாதிரி? இல்லை என்றால் அவர் முகம் வாடிவிடும். திட்டமாட்டார். அந்த வாட்டம்தான் பொறுக்க முடியாது.

முதலில் சொன்னது அத்தை மகள். கிணறு தெரிகிறது என்றாள். அடிப்படியில் ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்கிறாள், நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. தலைமயிர் நனைந்திருக்கிறது. தண்ணீர் அசையவே இல்லை.

பெரியப்பா இன்னும் கிட்டே குனிந்துகொண்டார்.

மறுநாள் நானும் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல முடிகிறது. கண்ணை மூடினால் பாசிப்படி, அதில் நனைந்த முதுகு. அத்தை மகள் சொன்னதைக் கேட்டுவிட்டுத்தான் எனக்குத் தெரிந்தது என்று இன்றைக்கு எவருக்கும் விளங்கும். ஆனால் அவள் சொல்லாத ஒன்றும் எனக்குத் தெரிந்தது. அந்தப் பொம்பளை ஒரு படி மேலே ஏறியிருந்தாள். நான் அதைச் சொன்னதும் அத்தை மகள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் சொல்லலாம்னு இருந்தேன், நீ சொல்லிட்டே என்று அவள் முகம் சொன்னது. அதற்குப் பிறகு பெரியப்பா எப்போது கேட்டாலும் அந்தப் பொம்பளை முன்பைவிட மேலே இருந்தாள். எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டேதான் ஏறினாள். அது எப்படி என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

நாங்கள் இருவரும் பின்வாசல் பக்கம் போவதை நிறுத்திவிட்டோம். பட்டப்பகலில் கோழிகூட அங்கே மேயவில்லை என்று எனக்குத் தோன்றும். தம்பி மட்டும் பயப்படவில்லை. உருண்டை இனிப்பாக இருக்கிறது, இன்னும் கொடுங்க பெரியப்பா என்பான். படுத்ததும் தூங்கிவிடுவான். அவனிடம் எங்கள் பேச்சு எதையும் சொல்லக்கூடாது என்று அம்மா எங்களைக் கண்டித்திருந்தாள். நாங்களும் சொல்லவில்லை.

பல வருஷம் கழித்து, மஞ்சள் மண்டிக்காரரைக் கட்டிக்கொண்டு ஈரோட்டில் இருந்த அத்தை மகளிடம் இதைக் கேட்டிருக்கிறேன். பேரன் பேத்தி எடுத்தவள் அப்போது. "மொதல்ல ஒண்ணும் தெரியலடி. உங்க பெரியப்பாவைப் பாக்கப் பாவமா இருந்துச்சு, சொன்னேன்" என்றாள். வாசல் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, "சொன்னதுக்கப்பறம் தெரிஞ்சுது" என்றாள்.

தைப்பூசம் நெருங்கியதும் டாக்டரைச் சென்னிமலைக்கு அனுப்பிவிட்டார்கள். தேருக்குக் கூட்டம் கூடுகிற இடத்தில் காலரா ஊசி போட. திரும்பி வந்து குப்பிகளின் கதையைச் சொல்கிறேன் என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு ஒரு மத்தியானம் தம்பி தூங்கவில்லை. பாயில் சுருண்டுகொண்டு பல் கிட்டிக்க நடுங்கினான். அம்மா ஓடிவந்து போர்வையைப் போர்த்தினாள். பெரியப்பா குனிந்து, என்ன சாமி தெரியுது என்று கேட்டார்.

"அந்த அம்மா தொடறாங்க," என்றான் தம்பி. "கை ஈரமா இருக்குது."

யாரும் அவனிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. அதே கூடத்தில் படுத்திருந்தவன்தானே, அரைத்தூக்கத்தில் காதில் விழுந்திருக்கும் என்று பின்னாளில் எனக்கே சொல்லிக்கொண்டேன். காய்ச்சலின் குளிர் ஈரக் கை மாதிரிதான் இருக்கும், எனக்கும் வந்திருக்கிறது. எல்லாம் சரிதான். ஆனால் அன்றைக்கு நானும் அத்தை மகளும் ஒரே சமயத்தில் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டோம். அந்தப் பொம்பளை படி ஏறி முடித்துவிட்டாள் என்று எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பெரியப்பாவுக்கும் தெரிந்துவிட்டது, வேறு விதமாக. பச்சை நூல் குப்பியில்தான் மருந்து. நடுக்கம் போய்ச் சூடு ஏறியதும் தம்பியின் முகம் சிவந்தது. நாக்கு உலர்ந்தது. கையைத் தூக்கி இல்லாத எதையோ பறித்தான். ஊமத்தை தின்றவனுக்கு என்னென்ன வருமோ அது ஒவ்வொன்றும் அவனுக்கு வந்தது. பெரியப்பா பதறினார், அது உண்மை. ஆனால் அந்தப் பதற்றத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. எத்தனையோ வருஷமாக எவனும் நம்பாததைக் கண்ணெதிரே பார்த்துவிட்ட மனிதனின் முகம் அது.

மாற்று மருந்து என்று கற்பூரத்தைத் தம்பியின் மூக்கருகே பிடித்தார். கடுங்காப்பியை ஸ்பூனால் புகட்டினார். வீடு முழுக்கக் கற்பூர வாசனை. இன்றைக்கும் கோயிலில் தீபாராதனைத் தட்டு வரும்போது நான் ஒரு அடி பின்னால் நகர்ந்துகொள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. இறங்கும்போது பெரியப்பா, பார்த்தீர்களா, வேகம் தணிகிறது என்பார். ஏறும்போது மிச்சமிருப்பது வெளியேறுகிறது என்பார். குளிர்காய்ச்சலுக்குத் தபாலாபீசில் கொயினா பொட்டலம் விற்கிறார்களாமே, ஒன்று வாங்கிக் கொடுத்துப் பார்க்கலாமா என்று அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள். அது பெரியப்பா காதில் விழுந்தது.

"வேண்டாம் அம்மணி. உள்ள ஒரு வெசம் வேலை செஞ்சுட்டு இருக்குது. அது மேல இன்னொரு வெசத்தைக் கொட்டுனா பையன் தாங்க மாட்டான். வந்த வழியிலயே எறங்கட்டும்."

அப்பா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். மருந்தினால் வந்த கோளாறு என்றால் மருந்து கொடுத்தவர் சொல்வதைத்தானே கேட்க வேண்டும். டாக்டரைக் கூட்டிவர ஆளை ரயிலேற்றி அனுப்பினார். தைப்பூசக் கூட்டத்தில் அந்த ஆள் அவரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் நாள் போயிற்று.

டாக்டர் வந்தபோது பாதம் முதல் முழங்கால் வரை புழுதி. தம்பியின் இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். "ஊமத்தைன்னா கண்ணுப் பாப்பா விரிஞ்சு நிக்கோணுமுங்க. இது அப்பிடி இல்லீங்க" என்று யாருக்கும் இல்லாமல் சொன்னார். வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ஏன் கொயினா கொடுக்கவில்லை என்று கேட்டார். உங்க குப்பி மருந்து உள்ளே இருக்கும்போது எப்படிக் கொடுப்பது என்று பயந்தோம் என்றார் அப்பா. டாக்டர் அப்போது எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு பையைத் திறந்து ஊசியை எடுத்தார்.

மறுநாள் வெயில் நன்றாக ஏறிய பிறகு தம்பி போய்விட்டான். அப்பா ஆளை அனுப்பி இஞ்சினை நிறுத்தச் சொன்னார். திடீரென்று வந்த அந்த அமைதியில் அம்மாவின் குரல் தோட்டத்தின் கடைசி வரப்பு வரை கேட்டதாகச் சொல்வார்கள்.

காரியங்கள் முடிந்து சொந்தக்காரர்கள் கலைந்த பிறகு ஒரு மத்தியானம் டாக்டர் வந்தார். சைக்கிளைத் தென்னையில் சாய்த்துவிட்டு ஆசாரத்துக்கு வந்தவர் முக்காலியில் உட்காரவில்லை. அப்பா தூணில் சாய்ந்திருந்தார். பெரியப்பா தரையில் உட்கார்ந்திருந்தார். தம்பி போனதிலிருந்து அவர் நாற்காலியைத் தொடவில்லை. நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கதவுக்குப் பின்னால்.

டாக்டர் நின்றபடியே சொன்னார். மூன்று குப்பியிலும் மருந்து இல்லை. மூன்றும் வெறும் சர்க்கரை. ஒன்றுமில்லாத சர்க்கரைக்கே குழந்தைகள் கனவு சொல்வார்கள் என்று காட்டத்தான் அப்படிச் செய்தேன். குழந்தைகளுக்கு ஊமத்தை கொடுக்க எனக்கு மனசும் வரவில்லை. பையனுக்கு வந்தது மூளைக்கு ஏறிய குளிர்காய்ச்சல். நான் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தால் நீங்கள் கொயினா கொடுத்திருப்பீர்கள்.

அப்பா எழுந்து அவர் தோளைத் தொட்டார். உங்களுக்குப் பெரிய மனசுங்க, எங்கண்ணன் மேல பழி விழக்கூடாதுன்னு இப்படிச் சொல்றீங்க என்றார். கதவுக்குப் பின்னால் அம்மாவும் தலையை ஆட்டினாள். பழியைத் தன் மேல் இழுத்துக்கொள்கிற நல்லவனாகத்தான் அவரை அவர்கள் பார்த்தார்கள்.

டாக்டர் பெரியப்பாவின் எதிரில் குந்தி உட்கார்ந்தார். "நெசமா சொல்றனுங்க. நீங்க அந்தப் பையனைக் கொல்லலீங்க. அதுல ஒண்ணுமே இல்லீங்க."

பெரியப்பா நிமிர்ந்தார். அழுது வீங்கிய முகம்.

"இல்லீங்க. நாந்தான் கொன்னேன்," என்றார் நிதானமாக. "அதுல மருந்து இருந்துதுங்க."

அந்தக் கணத்தை எத்தனையோ தரம் திருப்பிப் பார்த்திருக்கிறேன். பிள்ளையைக் கொன்ற பாவத்திலிருந்து விடுவிக்க ஒருவர் வந்து நிற்கிறார். இவர் அந்தப் பாவத்தை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறார். அதை விட்டால் காலராக் கொட்டகையும் வங்காளத்து மனிதரும் இத்தனை வருஷமும் சேர்ந்து போய்விடும் அல்லவா.

டாக்டர் வேறு வழி தெரியாமல் ஒரு காரியம் செய்தார். மாடத்திலிருந்த மூன்று குப்பிகளையும் எடுத்து, மிச்சமிருந்த உருண்டைகள் அத்தனையையும் உள்ளங்கையில் கொட்டி வாயில் போட்டுக்கொண்டார். இங்கேயே உட்கார்கிறேன், எனக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள் என்றார். உட்கார்ந்தார். பெரியப்பா எதிரில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார். கதவிடுக்கு வெயில் சுவரில் நகர்ந்தது. முதலில் டாக்டர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நெற்றியைத் துடைத்தார். பிறகு பின்வாசல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் பார்த்தார்.

பொழுது சாயத் தொடங்கியதும் எழுந்தார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றார். அது உண்மைதான். சைக்கிளை எடுத்தவர் வழக்கமாகப் போகிற தடத்தில் போகவில்லை. அந்தத் தடம் பழைய கிணற்றை ஒட்டிப் போகும். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, சோளக்கொல்லை வழியாக, செருப்பெல்லாம் சேறாகச் சுற்றிப் போனார். துக்கத்தில் வழி தவறியிருக்கலாம். யாரையும் எதிர்கொள்ள மனமில்லாமல் இருந்திருக்கலாம். அவரை அதற்குப் பிறகு நாங்கள் பார்க்கவில்லை. மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள்.

வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியப்பாவை நான் பார்த்தேன். அவர் முகம் மலர்ந்திருந்தது. தம்பி போன வீட்டில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் எதிர்பார்க்கவில்லை. கிணற்றுப் பொம்பளையைவிட அந்த முகம்தான் ரொம்ப நாள் என் தூக்கத்தைக் கெடுத்தது.

இதற்குப் பிறகு பெரியப்பாவின் வைத்தியம் ஓய்ந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாசி பிறந்ததும் முதல் வண்டி வந்தது, பல்லடத்துப் பக்கமிருந்து. பிறகு பொள்ளாச்சித் தடத்திலிருந்து. கைக்குழந்தையோடு, காக்காய் வலிப்புக்காரரோடு, வருஷக்கணக்கில் இருமுகிற கிழவரோடு. அவர்கள் பேசிக்கொண்டது என் காதில் விழும். சொந்தத் தம்பியின் மகனையே தூக்கிக்கொண்டு போன மருந்தாம். அவ்வளவு வீரியம் இருக்கிற மருந்துக்கு நம் நோய் எம்மாத்திரம். பெரியப்பா அதை மறுக்கவில்லை. உருண்டைகளை எண்ணாமல், ரொம்ப மரியாதையாக எடுத்துக் கொடுப்பார். வாங்குகிறவர்களும் பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டுவார்கள்.

அடுத்த கார்த்திகையில் எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. அப்பா கொயினா வாங்கிவரக் கிளம்பினார். அம்மா தடுத்தாள். ஒற்றை மகனைப் பறிகொடுத்த அந்த அம்மாதான், தானே பெரியப்பா எதிரில் போய் நின்று, அதுவரை அவரிடம் நேருக்கு நேர் பேசியிராதவள், மருந்து கேட்டு வாங்கி வந்தாள். என் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாயைத் திறக்கச் சொன்னாள். வேண்டாம் என்று தலையைத் திருப்பினேன்.

"சொன்னாக் கேளு கண்ணு. இதுக்கு இருக்கற வேகம் வேற எதுக்கும் இல்ல. எனக்குத் தெரியும்."

அவள் விரல் என் உதட்டைப் பிரித்தது. நான் பிழைத்துக்கொண்டேன். காய்ச்சல் எப்படி வந்ததோ அப்படியே போயிற்று. அடுத்த வாரம் எங்கள் வாசலில் வண்டி அவிழ்த்துவிட இடமில்லை.